அடைமழைக் காலத்தில் இல்லமும் விதைநெல்லும்

வடகிழக்குப் பருவமழையானது அக்டோபர் முதல் டிசம்பர் வரை காவிரி டெல்டாவிற்குப் பெரும்பகுதி மழையைத் தருகின்றது. ஆயினும், வங்காள விரிகுடாவில் தாழ்வு நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுங்கால், குடியானவர் பல நாட்கள் வீட்டைவிட்டு வெளிக்கிளம்ப இயலாமற் போவதுண்டு. 2008-ம் வருஷம் நவம்பர் 27-ந் தேதி காரைக்கால் அருகே கரை கடந்த நிஷாப் புயலின்போது, ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த கஜாப் புயல் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது.

காற்றினால் விளையும் சேதம் எல்லோர் கண்ணுக்கும் புலப்படும். மூடிய வீட்டினுள் ஈரத்தினால் விளையும் சேதமோ, மழை நின்ற பின்னரே தெரியவரும்.

ஒரே தெருவில் இரு குடியானவர் இருப்பதாகக் கொள்க. இருவரும் புரட்டாசி இறுதியில் குறுவையை அறுத்தனர். ஒருவர் அடுத்த வருஷத்து விதைக்கென ஒதுக்கிய நெல்லை வெயிலில் நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத கலத்தில் அடைத்து, பலகையின்மேல் வைத்தார். மற்றவர், "நாளை வெயில் வரும்" என்றெண்ணி, ஈரநெல்லைக் கூடத்து மூலையில் குவித்துப் படுதாவால் மூடினார். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. சில நாட்களில் குவியலினுள் கையை நுழைத்தால் சூடு தெரிந்தது. அதன்பின் புளித்த வாடையும் முளையும் கண்டன. முதல்வருக்கு அடுத்த பட்டத்திற்குச் சொந்த விதை உண்டு. மற்றவர் விதைக்குப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியவரானார்.

இதன் காரணம்: நெல் உயிருள்ள பொருள், அது சுவாசிக்கின்றது. ஈரம் மிகுந்தால் சுவாசமும் மிகும். சுவாசத்தால் சூடும், மேலும் ஈரமும் உண்டாகும். பூஞ்சணம் அதிற் பற்றும். விதைநெல்லில் ஈரம் நூற்றுக்கு 13 பங்கிற்கு மேற்படலாகாது. உலர்ந்த நெல்லும் மழைநாட் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகையால் அடைமழையின்போது விதைக்கலத்தைத் திறந்து பார்ப்பது தவறு. பார்க்க வேண்டியதை மழைக்கு முன்னரே பார்த்தல் வேண்டும்.

சோதிக்கும் முறை: சமையல் உப்பைச் சட்டியிலிட்டு ஈரம் போக வறுத்து ஆறவிடுக. நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி நெல்லும் ஒரு கரண்டி உப்பும் இட்டு, மூடிக் குலுக்கி, கால்மணி நேரம் வைத்திருக்க. உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 பங்கிற்கு மேல் உள்ளதென அறிக. ஒட்டாவிடினும், விதைக்கு இன்னும் ஒரு நாள் வெயில் காட்டுதல் நன்று.

மழையில் அகப்பட்ட நெல்: குவியலைக் கலைத்து, திண்ணையிலோ கூடத்திலோ இரண்டு விரற்கடை கனத்திற்குப் பரப்பி, நாளொன்றுக்குப் பன்முறை கிளறிவிடுக. விசிறி இருப்பின் காற்றோட்டம் தருக. விதைக்குரியதை அடுப்புச் சூட்டில் வாட்டலாகாது. 43 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பம் முளைப்புத் திறனைக் கெடுக்கும். உணவுக்குரிய நெல்லில், புளிக்காததும் பூஞ்சணம் பற்றாததுமான சிறு பகுதியை வறுத்து இடித்து அவலாக்கினால் வீணாகாது. மழை ஓய்ந்தபின் நூறு விதைகளை ஈரத்துணியில் முளைகட்டிப் பார்க்க. எண்பதுக்குக் குறைந்தால் அவ்விதையை நம்பலாகாது.

கால்நடை: மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு உத்தேசமாக 5 முதல் 6 கிலோ வைக்கோல் எனக் கொண்டால், ஒரு ஜோடிக்குப் பத்து நாளைக்கு 100 முதல் 120 கிலோ வேண்டும். இதனைப் போரிலிருந்து முன்னரே எடுத்துக் கூரையின்கீழ் வைத்துக்கொள்க. பூஞ்சணம் பூத்த வைக்கோலையும் பிண்ணாக்கையும் இடலாகாது. கொட்டிலில் வெள்ளம் ஏறக்கூடுமாயின் கால்நடைகளை மேட்டிற்கு ஓட்டிவிடுக, கட்டிப்போட்டு விடலாகாது.

வீட்டார்: குடிநீரைக் காய்ச்சியே பருகுக. எலிகள் நடமாடும் தேங்குநீரில் காற்புண்ணோடு இறங்குவதால் எலிக்காய்ச்சல் வரும். ஈர விறகு, கரி ஆகியவற்றை அடைத்த அறையில் எரித்தல் உயிருக்கே ஆபத்து. புயலின் நடுவே காற்று திடீரென அடங்கினால், அது முடிந்ததென எண்ணி வெளியே வரலாகாது. புயலின் கண் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் கடுமையாக வீசும்.

கிராம அதிகாரிகள்: ஐப்பசி பிறக்குமுன் வடிகால்களைத் தூர் எடுக்கச் செய்வதும், கூரைவீட்டார் தங்குதற்குரிய கட்டிடத்தைக் குறித்துவைப்பதும் இவர்களது பொறுப்பாம். அவ்வேளையிலேயே விதைநெல்லைப் பத்திரப்படுத்த இடமற்ற சிறு குடியானவரையும் கேட்டறிந்து, உலர்ந்த பொதுக் கட்டிடத்தில் ஒரு மூலை ஒதுக்கித் தருவாராயின், அடுத்த குறுவைக்கு அவர்கள் பிறர் வாசலில் விதைக்கு நிற்க நேராது.

மழையை நிறுத்துதல் எவராலும் ஆகாது. வெயில் உள்ள நாளிலே உலர்த்தி வைத்தவர் மட்டுமே, மழை பெய்யும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு கவலையின்றி இருக்கக்கூடும்.