அடைப்பு வேறு, தளர்ச்சி வேறு

கேள்வி: போன சம்பா நடவு சமயத்தில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது கால் வீங்குகிறது. எக்கோ எடுத்துவிட்டு ‘ஹார்ட் ஃபெயிலியர், இ.எஃப். 35’ என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். இதயம் செயலிழந்துவிட்டது என்று அண்ணன் அழுகிறான். அப்பாவோ திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். எதை நம்புவது?
– வாசகி, பாபநாசம்

பதில்: திண்ணையில் இருக்கிற அப்பாவை நம்புங்கள் அம்மா. ‘செயலிழப்பு’ என்ற சொல்தான் உங்கள் வீட்டைக் கலங்கடித்திருக்கிறது. நான் ‘இதயத் தளர்ச்சி’ என்றே சொல்லுவேன்.

மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. வாய்க்கால் அடைபட்டால் அதை நம்பிய வயல் காய்வதுபோல அந்தப் பகுதித் தசை பட்டுப்போகிறது. ஸ்டென்ட் வைத்து வாய்க்காலைத் திறந்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் காய்ந்தது காய்ந்ததுதான். மிஞ்சிய தசையே முழு வேலையும் பார்த்துக் களைத்துப்போகிறது. அதுதான் தளர்ச்சி. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் தள்ளும் வேகம் குறைந்துவிட்டது. வடிகால் தூர்ந்த வயலில் தண்ணீர் நிற்குமே, அப்படி உடம்பில் நீர் தேங்கிக் காலில் இறங்குகிறது. நுரையீரலில் தேங்கினால் படுத்ததும் மூச்சு முட்டும்.

உங்கள் அண்ணன் பயப்படுவது மூன்றாவது ஒன்றுக்கு: கார்டியாக் அரெஸ்ட், துடிப்பு நின்றுபோவது. அது வந்தவர் நினைவிழந்து விழுந்துவிடுவார். நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை அழுத்துவது அப்போதுதான்.

இ.எஃப். என்ற எண்ணையும் விளங்கிக்கொள்ளுங்கள். இதயத்தின் இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு நூற்றுக்கு எத்தனை பங்கு வெளியே போகிறது என்ற கணக்கு அது. 100 யாருக்கும் இருக்காது. 55 முதல் 70 வரை இயல்பு. 60 என்று வந்ததைப் பார்த்துவிட்டு ‘மீதி 40 கெட்டுப்போச்சா டாக்டர்?’ என்று கண் கலங்கியவர்கள் உண்டு. அப்பாவுக்கு 35, குறைவுதான். ஆனால் மாத்திரையை விடாமல் சாப்பிட்டுப் பலருக்கு அது ஏறியிருக்கிறது. தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் உப்புப் பொதி. கால் வீங்கியிருக்கும்போது இவற்றைக் கண்ணிலேயே காட்டாதீர்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் நெஞ்சு வலித்தால் ‘வாய்வு’ என்று ஓமத்தண்ணீர் கொடுக்கிறார்கள். கை கால் விழுந்தால் ‘வாதம்’ என்று புறா ரத்தம் தேய்க்கிறார்கள். இரண்டும் காற்றுதானா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: இரண்டும் காற்று இல்லை. வாதம், பித்தம், கபம் என்று சித்த மருத்துவம் வகுத்த கணக்கிலிருந்து வந்த சொல் பக்கவாதம். சொல்லில் குற்றமில்லை. நோய் கையிலும் காலிலும் இருப்பதாக நினைத்து அங்கே தேய்த்துக்கொண்டிருக்கிறோமே, அதில்தான் உயிர் போகிறது. நோய் இருப்பது மூளையில். வலப்பக்க மூளை அடிபட்டால் இடது கை, கால் விழும்.

மூளையின் ரத்தக்குழாய் அடைபட்டாலும் வெடித்துக் கசிந்தாலும் வெளியில் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் அடைப்பைக் கரைக்கும் ஊசியைக் கசிவு உள்ளவருக்குப் போட்டால் ஆபத்து. அதனால்தான் முதலில் சி.டி. ஸ்கேன். அந்த ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். ‘கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?’ என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். அந்த ஒரு விடையில்தான் சிகிச்சையே இருக்கிறது. வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள்.

நெஞ்சுவலியும் அப்படித்தான். வியர்த்துக் கொட்டி, வலி தோளுக்கோ தாடைக்கோ பரவினால் அதை வாய்வு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலோடும் வரலாம். முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள். மாரடைப்பு என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் 14 மாத்திரைகளை ஒரே தடவையில் கொடுக்கும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023-லிருந்து இருக்கிறது. அவர்கள் பார்த்துக் கொடுக்க வேண்டிய மாத்திரை அது, நாமாக விழுங்கக் கூடாது.

கேள்வி: மருத்துவச் சொற்களைத் தமிழிலேயே வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீராதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்றுக்கொடுத்தார். அவர் முயற்சியில் 1872-ல் வந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ மனித உடற்கூறைத் தமிழில் விரித்துச் சொன்னது. உங்கள் ஊர்த் தமிழ்ப் பல்கலைக்கழகமும் அறிவியல் களஞ்சியம் வெளியிட்டிருக்கிறது. தமிழுக்குச் சொல் பஞ்சமே இல்லை. ஆனால் பாபநாசத்து வீட்டை அழவைத்த ‘செயலிழப்பு’ம் தமிழ்தானே? கட்டிலருகே நின்று இரண்டு நிமிடம் அதை விளக்க ஒரு ஆள் வேண்டும். விளக்கும்வரை விடாமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

கேள்வி: மூளைக்காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் ஒன்றா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இல்லை. மூளைக்காய்ச்சல் பல கிருமிகளால் வரும். அதில் ஜப்பானிய வகையைப் பரப்புவது நெல் வயல் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு. பாதிப்புள்ள மாவட்டங்களில் குழந்தைகளுக்கு 9 மாதத்தில் முதல் தடுப்பூசி போடுகிறார்கள். எலிக்காய்ச்சலில் கொசுவுக்கு வேலையில்லை. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து, காலில் உள்ள வெடிப்பு, காயம் வழியாகக் கிருமி ஏறுகிறது. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்து, கண் சிவந்தால் சந்தேகப்பட வேண்டும். கவனிக்காவிட்டால் சிறுநீரகத்தையும் ஈரலையும் பிடிக்கும். டாக்டரிடம் ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், ‘பத்து நாளாக நடவு வயலில் நின்றேன்’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.