பாதியில் நின்ற ஆட்டம்

இந்த மாதச் சுவர் இதழுக்கு விளையாட்டு பற்றி எழுதணும்னு டீச்சர் சொன்னாங்க. எல்லாரும் ஜெயிச்ச கதைதான் எழுதுவாங்க. நான் முடியாமலே போன ஒரு ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறேன்.

1996-ம் வருஷம் மார்ச் 13-ம் தேதி. கல்கத்தா ஈடன் கார்டன்ஸ் மைதானம். (இப்போது அந்த ஊர் பெயர் கொல்கத்தா.) உலகக் கோப்பை கிரிக்கெட் அரையிறுதி, இந்தியாவும் இலங்கையும் மோதின. நாம யாரும் அப்போ பிறக்கவே இல்லை. ஆனா எங்க சித்தப்பா இன்னைக்கும் நேத்து நடந்த மாதிரி சொல்லுவாங்க. லட்சம் பேர் அளவுக்குக் கூட்டம். டாஸ் ஜெயிச்ச அசாருதீன் முதலில் பந்து வீசுறோம்னு சொல்லிட்டார். முதல் ஓவரிலேயே ஜெயசூர்யா, கலுவிதாரன ரெண்டு பேரும் அவுட். கூட்டத்துக்கு சந்தோஷம் தாங்கலை. ஆனா அரவிந்த டி சில்வா வந்து 47 பந்தில் 66 ரன் அடிச்சுட்டார். இலங்கை 50 ஓவரில் 8 விக்கெட்டுக்கு 251.

இந்தியா ஆடினப்போ சச்சின் 65 ரன் எடுத்தார். ஒரு விக்கெட்டுக்கு 98 ரன் என்று நன்றாகத்தான் போனது. சச்சின் ஸ்டம்பிங் ஆனதும் மளமளவென்று விக்கெட் விழ ஆரம்பித்தது. 120 ரன்னுக்கு 8 விக்கெட்! அவ்வளவுதான், பாட்டிலும் பழமும் மைதானத்துக்குள் பறந்து வந்து விழுந்தன. சில இடங்களில் கேலரியில் தீ வைத்தார்கள். மேட்ச் ரெஃப்ரி கிளைவ் லாயிட் (வெஸ்ட் இண்டீஸின் பழைய கேப்டன்) ஆட்டக்காரர்களை வெளியே கூப்பிட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி இறங்கினால் மறுபடியும் பாட்டில். இலங்கை ஜெயித்தது என்று அறிவித்துவிட்டார்.

இப்போ கணக்கைப் பாருங்க. 34.1 ஓவர் முடிந்திருந்தது. மீதி 95 பந்து. வேண்டியது 132 ரன். கையில் 2 விக்கெட். பெரும்பாலும் தோற்றுத்தான் போயிருப்பார்கள், அதை நானும் ஒத்துக்கிறேன். ஆனா வினோத் காம்ப்ளி அப்போ 10 ரன்னோட அவுட் ஆகாம நின்னுட்டிருந்தார். அவர் அழுதுகொண்டே வெளியே நடந்து போனதை அன்று டிவி பார்த்தவங்க யாரும் மறக்கலை. அவரை அவுட் ஆக்கினது இலங்கை பவுலர் இல்லையே. அவருக்காகக் கத்தின கூட்டம்தான் அவரை வெளியே அனுப்பினது.

சரி, இது பாடம் சம்பந்தப்பட்ட பகுதி, அதனால் கொஞ்சம் அறிவியல். "ஒரு பாட்டில்தானே, என்ன ஆகிடும்?" என்று கேட்பவர்களுக்காக நம்ம ஒன்பதாம் வகுப்புக் கணக்கையே போட்டுப் பார்த்தேன். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், நிறை 0.5 கிலோகிராம். கேலரி உயரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம் (ஐந்து மாடி இருக்கும்).

நிலை ஆற்றல் = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம்
= 0.5 × 9.8 × 15 = 73.5 ஜூல்

கீழே வரும்போது இது முழுக்க இயக்க ஆற்றலாக மாறிவிடும். (காற்றின் தடையை விட்டுட்டேன்.) வேகம் நொடிக்கு 17 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும். ரோட்டில் போகிற பஸ் வேகம்! இன்னொன்றும் போட்டேன். கிரிக்கெட் பந்தின் நிறை சுமார் 160 கிராம். அதே 73.5 ஜூல் ஆற்றல் அந்தப் பந்துக்கு இருக்கணும்னா அது மணிக்கு சுமார் 109 கிலோமீட்டர் வேகத்தில் வரணும். அந்த மாதிரி பந்தை ஆடுகிறவர் தலையில் ஹெல்மெட், காலில் பேடு, கையில் கிளவுஸ் எல்லாம் போட்டுக்கொண்டு, பந்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். பவுண்டரியில் நிற்கிற ஃபீல்டருக்கு ஹெல்மெட் கிடையாது, முதுகையும் கூட்டத்துக்குத்தான் காட்டிக்கொண்டு நிற்கிறார். அதுவும் நான் போட்டது சும்மா கீழே விழுகிற பாட்டிலுக்கு. கையை ஓங்கி எறிந்தால் இன்னும் கூடும்.

எறிகிறவர்கள் கெட்டவர்கள், எறியாதவர்கள் நல்லவர்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியுமா? 1999-ல் நடந்ததைப் பாருங்க. ஜனவரி 31-ம் தேதி சென்னை சேப்பாக்கத்தில் இந்தியா பாகிஸ்தான் டெஸ்ட் கடைசி நாள். இந்தியாவுக்கு 271 ரன் வேண்டும். சச்சின் முதுகு வலியோடு 136 அடித்தார். அவர் அவுட் ஆனபோது இன்னும் 17 ரன்தான், கையில் 3 விக்கெட். ஆனாலும் 12 ரன்னில் தோற்றுப்போனோம். வயிறு எரியாதா? ஆனா பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தப்போ சேப்பாக்கம் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

அடுத்த மாதமே அதே ரெண்டு அணி ஈடன் கார்டன்ஸில். சச்சின் ரன் ஓடும்போது ஷோயப் அக்தர் மேல் மோதி ரன் அவுட் ஆனார். மறுபடி பாட்டில். சச்சினே மைதானத்தைச் சுற்றி நடந்து வந்து அமைதியாக இருங்க என்று கேட்டுக்கொண்டார். கடைசி நாளும் அடங்கவில்லை. அதனால் போலீஸ் எல்லாரையும் வெளியேற்றிவிட்டது. பாகிஸ்தான் ஜெயித்தபோது கேலரி காலி. டிக்கெட் வாங்கிட்டு வந்து ஒழுங்காக உட்கார்ந்திருந்தவங்களும் சேர்ந்துதான் வெளியே போனாங்க.

சேப்பாக்கத்தில் எல்லாரும் சாமியார்னு சொல்ல வரலை. 2018 ஏப்ரல் 10-ம் தேதி ஐபிஎல் ஆட்டம் நடந்தப்போ காவிரிக்காகப் போராட்டம் நடந்தது. அன்று கேலரியிலிருந்து ஃபீல்டிங் பண்ணிட்டிருந்த ஜடேஜா பக்கத்தில் செருப்பு வந்து விழுந்தது. நல்லவேளை யார் மேலும் படவில்லை. அதற்குப் பிறகு சென்னை அணியின் மற்ற உள்ளூர் ஆட்டங்களை எல்லாம் புனேக்கு மாற்றிவிட்டார்கள். காவிரித் தண்ணிக்கும் ஜடேஜாவுக்கும் என்ன சம்பந்தம்?

இது டிவியில் வருகிற பெரிய மைதானத்து விஷயம்னு நினைக்காதீங்க. போன பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் பெண்கள் கபடி நடந்தது. நாங்களும் ஆடினோம். நாலு நிமிஷம் பாக்கி, மூணு பாயிண்ட் பின்னாடி இருந்தோம். எங்க கேப்டன் பாடிப் போனா. அம்பயர் ஒரு பாயிண்ட் எங்களுக்குத் தரலைன்னு கூட்டத்தில் ஒரே கூச்சல். யாரோ கடிச்சுட்டிருந்த கரும்புத் துண்டை வீசினாங்க. அது அம்பயர் மேல் படலை, எங்க கேப்டன் புருவத்தில் பட்டு ரத்தம் வந்துடுச்சு. விழாக் கமிட்டி ஆட்டத்தை நிறுத்தி, பரிசைப் பாதி பாதியா பிரிச்சுக் கொடுத்தாங்க. அந்தப் பாதிப் பரிசு எவர்சில்வர் தட்டு எங்க வீட்டில் இருக்கு, அதில் சாப்பிடவே பிடிக்கலை.

திரும்பி வரும்போது வழியில் ஒரு அண்ணன், "உங்களுக்குத்தாம்மா நாங்க சப்போர்ட்டு" என்றார். அதற்கப்புறம் எங்க டீமில் ரெண்டு பேரை வீட்டில் விளையாட அனுப்பலை. பொம்பளப் புள்ளைங்க முகத்தில் காயம் பட்டா நாளைக்கு யார் பதில் சொல்றதுன்னு கேட்கிறாங்க. கரும்பு எறிஞ்சவர் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அடுத்த பொங்கலுக்கும் அவர் வந்து முன்வரிசையில் உட்காரலாம். எங்க டீமுக்குத்தான் ஏழு பேர் சேரலை. ஏழாம் வகுப்புத் தங்கைகளைக் கேட்டுக்கிட்டிருக்கோம். பெயர் கொடுக்க விரும்புறவங்க மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு வாங்க.

உங்களுக்கு ஒரு கணக்கு: நம்ம பள்ளி மாடியின் உயரம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயிருந்து 200 கிராம் தண்ணி பாக்கெட்டைக் கீழே போட்டால் அது தரையைத் தொடும்போது இயக்க ஆற்றல் எத்தனை ஜூல்? வேகம் என்ன? (மாடியிலிருந்து போட்டுப் பார்க்காதீங்க, தாளில் போடுங்க!) விடையை மடித்து, பெயர் எழுதி, நூலக மேசையில் இருக்கும் பெட்டியில் போடவும். சரியான விடை அடுத்த இதழில்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு