தொற்றுக் காலத்தில் அடுக்குமாடிச் சங்கம்: கைகொடுக்கும் 18 குறிப்புகள்

கொரோனா ஊரடங்கு 2020 மார்ச் 25 அன்று தொடங்கியது. அதுவரை மோட்டார் ரிப்பேர், பார்க்கிங் தகராறு, பொங்கல் கோலப்போட்டி என்று ஓடிக்கொண்டிருந்த குடியிருப்போர் சங்கங்கள் ஒரே வாரத்தில் மளிகைக்கடை, மருந்துக்கடை, சுகாதார அலுவலகம் என எல்லாமாகவும் மாற வேண்டியிருந்தது. சென்னையில் பல சங்கங்கள் அந்த வேலையை அருமையாகச் செய்தன. சில சங்கங்களோ கேட்டைப் பூட்டி, வீட்டு வேலைக்கு வரும் பெண்களைத் திருப்பி அனுப்பியதோடு கடமை தீர்ந்தது என்றிருந்தன. கேட்டில் எத்தனை கெடுபிடி இருந்தாலும் தொற்று உள்ளே வரத்தான் செய்தது. வந்தபின் தண்ணீர், லிஃப்ட், குப்பை, தகவல் நான்கும் தடையில்லாமல் நடந்த இடங்களில் குடும்பங்கள் சமாளித்துக்கொண்டன. அடுத்த முறை எந்தக் கிருமி வந்தாலும் உதவக்கூடிய குறிப்புகள் இவை.

1. ஆளுக்கொரு பொறுப்பு, அதற்கொரு மாற்று ஆள். எல்லாவற்றையும் செகரட்டரி தலையில் கட்டாதீர்கள். தண்ணீர்-மின்சாரம், சுத்தம்-குப்பை, நோயாளி வீடுகள், பணம், தகவல் என்று ஐந்தாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆளும் வேண்டும். பொறுப்பில் இருப்பவரே படுத்துவிடக்கூடும். வங்கிக் கையெழுத்தை மறந்துவிடாதீர்கள். தலைவரும் பொருளாளரும் ஒரே சமயத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தால் செக்யூரிட்டிக்குச் சம்பளம் போகாது. மூன்றாவதாக ஒருவருக்கும் கையெழுத்து அதிகாரம் வாங்கி வையுங்கள்.

2. அரசு விதியே சங்கத்தின் விதி. மாநகராட்சியும் அரசும் என்ன சொல்லியிருக்கின்றனவோ அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அதற்கு மேல் சொந்தமாகத் தடை போடாதீர்கள். குடியிருப்பவரைத் தம் வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கவோ, வாடகைக்கு இருக்கும் நர்ஸைக் காலி செய்யச் சொல்லவோ சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. 2020 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம், மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை என்றது. வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் அவர்களுக்குக் கொடுக்கும் தொல்லையும் அதில் அடக்கம்.

3. யார் வீட்டில் யார் என்ற பட்டியல். தனியாக இருக்கும் முதியவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ள வீடுகள் எவை என்று குறித்து வையுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் என்றால் அவர்கள் எண், இன்னொரு சாவி யாரிடம் என்ற விவரம், குடும்ப டாக்டரின் எண் மூன்றும் வேண்டும். பட்டியல் காகிதத்தில், பொறுப்பாளரிடம் மட்டும் இருக்கட்டும். தனியாக இருப்பவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தினமும் காலையில் ஒரு போன் போடட்டும். “மாமி, காபி ஆச்சா?” என்று கேட்டாலே போதும், பதில் வராவிட்டால் கதவைத் தட்டலாம்.

4. வாட்ஸ்அப்பில் இரண்டு குழு. ஒன்று அறிவிப்புக்கு, அதில் சங்கம் மட்டும் எழுதும். மற்றொன்று அரட்டைக்கு. கஷாயச் செய்முறை, பார்வர்டு, வதந்தி எல்லாம் அங்கே போகட்டும். அறிவிப்பு தினமும் ஒரே நேரத்தில் வந்தால் நடுராத்திரியில் செகரட்டரிக்குப் போன் வராது. செல்போன் பார்க்காத பெரியவர்களுக்காக லிஃப்ட் பக்கத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

5. தொற்றுச் செய்தியில் பெயர் வேண்டாம். “பி பிளாக்கில் ஒருவருக்குத் தொற்று உறுதியாகியிருக்கிறது. குடும்பத்தினர் வீட்டிலேயே தனிமையில் இருக்கிறார்கள். மாநகராட்சிக்குத் தெரிவித்தாயிற்று. பி பிளாக் லிஃப்ட் சுத்தம் செய்யப்பட்டது. கடந்த வாரம் நெருங்கிப் பழகியவர்களிடம் தனியாகப் பேசியிருக்கிறோம்.” இவ்வளவு போதும். பெயரும் கதவு எண்ணும் போட்டால், அடுத்தவர் காய்ச்சலை மறைப்பார்; அதுதான் பெரிய ஆபத்து. உரிய அதிகாரி குறிப்பாக உத்தரவிட்டாலன்றி நோயாளி வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2020 டிசம்பரில் சொன்னது.

6. நோயாளி வீட்டு வாசலில் ஒரு ஸ்டூல். பால், மருந்து, சாப்பாடு எல்லாம் ஸ்டூலில் வைத்து, பெல் அடித்துவிட்டு விலகிவிடலாம். சங்கத்துக்கென இரண்டு மூன்று பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கி, தேவைப்படும் வீட்டுக்குக் கொடுத்து வாங்குங்கள். விரல் சில்லென்று இருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அளவு தப்பாகக் காட்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். கொரோனாவில் ஆக்ஸிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் டாக்டரைக் கேட்க வேண்டும், 90-க்குக் கீழே என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்ற கணக்கு இருந்தது. மருத்துவ ஆலோசனைக்குத் தமிழகத்தில் 104 இருக்கிறது.

7. லிஃப்ட். குடியிருப்பிலேயே காற்று மிகக் குறைந்த இடம் அதுதான். ஒரு தடவைக்கு ஒரே வீட்டார் அல்லது இரண்டு பேர் என்று வையுங்கள். மின்விசிறி எப்போதும் ஓடட்டும். பேச்சு வேண்டாம், மாஸ்க் மூக்குக்கு மேல் இருக்கட்டும். பட்டனை அமுக்க, தெர்மோகோல் துண்டில் பல்குச்சிகளைக் குத்திச் சுவரில் ஒட்டிவைத்த சங்கங்கள் உண்டு. செய்தால், பயன்படுத்திய குச்சியைப் போட அதன் கீழேயே ஒரு டப்பாவையும் வையுங்கள். இல்லாவிட்டால் குச்சியெல்லாம் தரையில்தான் கிடக்கும். முதல் இரண்டு மாடிக்காரர்கள் படியேறினால் நெரிசல் குறையும்.

8. தெளிப்பதைவிடத் திறப்பது மேல். முதல் ஆண்டு முழுக்கக் கைப்பிடியையும் காய்கறியையும் கழுவிக்கொண்டிருந்தோம். கொரோனா முக்கியமாகக் காற்றில்தான் பரவுகிறது என்பது பிறகு தெளிவானது. படிக்கட்டு ஜன்னல், தாழ்வார ஜன்னல், கிளப் ஹவுஸ் கதவு ஆகியவற்றைத் திறந்தே வையுங்கள். துருப்பிடித்துத் திறக்க முடியாமல் கிடக்கும் ஜன்னல்களை இப்போதே சரிசெய்யுங்கள். ஏசி போட்ட சங்க அலுவலகத்தைவிட மொட்டைமாடி நல்லது.

9. ப்ளீச்சிங் கரைசல் அளவோடு. கடையில் கிடைக்கும் ப்ளீச்சிங் பவுடரில் குளோரின் ஏறக்குறைய 30 சதவீதம். லிட்டருக்கு 30 கிராம் கலந்தால் சுமார் 1 சதவீதக் கரைசல். தரைக்கு அது போதும். தடவி, 10 நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். பழைய கரைசலில் வீரியம் இருக்காது. லிஃப்ட் பட்டன், கைப்பிடி போன்ற உலோகங்கள் அரிக்கும் என்பதால் அங்கே 70 சதவீத ஆல்கஹால் நல்லது. டாய்லெட் ஆசிடோடு ப்ளீச்சிங் சேர்ந்தால் விஷவாயு வரும். துப்புரவுப் பணியாளருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். மனிதர்கள் மேல் மருந்து தெளிப்பது பயனற்றது, கெடுதல் என்று மத்திய சுகாதார அமைச்சகமே 2020 ஏப்ரலில் எச்சரித்தது.

10. குப்பை. நோயாளி வீட்டுக் குப்பைக்கு மஞ்சள் பை. இரட்டைப் பையாகக் கட்டி, மாநகராட்சி அதற்கென அனுப்பும் ஆளிடம் மட்டுமே தர வேண்டும். மற்ற வீடுகளின் பழைய மாஸ்க்கைக் காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்திருந்து, பிறகு இரண்டாக வெட்டி உலர் குப்பையில் போடச் சொன்னது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். வெட்டாமல் போட்டால் எடுத்துத் துவைத்து விற்பவர்கள் உண்டு. குப்பை எடுப்பவருக்குக் கையுறை, பூட்ஸ், சோப்பு மூன்றையும் சங்கம் வாங்கித் தரட்டும்.

11. பூட்டிய வீட்டில் ஒரு குவளைத் தண்ணீர். பாத்ரூம் தரையில் நீர் இறங்கும் இடத்துக்கு அடியில் ஒரு வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடைக் காற்றைத் தடுப்பது அதுதான். ஊருக்குப் போனவர்களின் வீட்டில் அது வற்றிவிடும். 2003-ல் சார்ஸ் நோய் வந்தபோது ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடியில் 300-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று பரவியதற்கு, இப்படி வற்றிய தரைக்குழிகள் வழியாகக் கழிவுநீர்க் குழாயின் காற்று வீடுகளுக்குள் ஏறியதை முக்கியக் காரணமாகக் கண்டார்கள். சாவி இருக்கும் வீடுகளில் வாரம் ஒருமுறை ஒவ்வொரு தரைக்குழியிலும் ஒரு குவளை ஊற்றச் சொல்லுங்கள். போகிற போக்கில் ஃப்ரிட்ஜ் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, ஏசித் தண்ணீர் வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் டெங்குக் கொசுவும் வராது.

12. தண்ணீர்க் கணக்கு. எல்லாரும் வீட்டிலேயே இருந்தால் ஆபீசிலும் பள்ளியிலும் செலவாகும் தண்ணீரும் இங்கேதான் செலவாகும். ஆளுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில், நான்கு பேர் வீதம் 100 வீடுகளுக்கு ஒரு நாளைக்கு 54,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் நான்கரை லோடு. ஒரே லாரிக்காரரை நம்பாமல் இரண்டு பேரிடம் பேசி வையுங்கள். மாற்று மோட்டாரைத் தயாராக வையுங்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் அதன் ஆபரேட்டரும் அத்தியாவசியப் பணியாளர்தான். காற்று செலுத்தும் இயந்திரம் நின்றால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். வாளி வாளியாக ப்ளீச்சிங்கைச் சாக்கடையில் ஊற்றினாலும் அதே கதிதான்.

13. வேலை செய்பவர்கள் சம்பளம். வராதே என்று சொன்னது நாம் என்றால், அந்த மாதச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டியதும் நாம்தான். வீட்டுக்கு வீடு மாறாமல், வீட்டு வேலை செய்யும் பெண்களுக்குச் சம்பளம் தொடரும் என்று சங்கமே பொதுவாகக் கேட்டுக்கொள்ளட்டும். கூடவே அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுத்த குடியிருப்புகள் உண்டு. செக்யூரிட்டிகள் தங்கிக்கொள்ள இடம், குளியலறை, மூன்று வேளைச் சாப்பாடு வேண்டும். கிளப் ஹவுஸ் சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது?

14. கேட்டில் எல்லாருக்கும் ஒரே சட்டம். “அக்கா, கை கழுவிட்டுப் போங்க” என்று வேலைக்கு வருபவரிடம் சொல்லும் செக்யூரிட்டி, காரில் வரும் ஐயாவிடமும் “சார், கை கழுவிட்டுப் போங்க” என்று சொல்ல வேண்டும். சொன்னதற்காக அவரை யாராவது அதட்டினால் சங்கம் அவர் பக்கம் நிற்க வேண்டும். வெயிலில் நடந்து வந்தவரின் நெற்றியில் உடனே வெப்பமானியை வைக்காதீர்கள். ஐந்து பத்து நிமிடம் நிழலில் உட்கார்ந்தபின் பாருங்கள். காய்ச்சலே இல்லாமலும் தொற்று இருக்கும் என்பதால் அந்தக் கருவியை முழுதாக நம்பவும் வேண்டாம்.

15. காய்கறி உள்ளே வரட்டும். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, சந்தை மூடப்பட்டு, மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. கூட்டம் கூடும் சந்தைக்கு நூறு பேர் போவதைவிட, ஒரு வண்டிக்காரர் உள்ளே வருவது பாதுகாப்பு. முதல் நாளே பிளாக் வாரியாக ஆர்டர் வாங்கி, வீட்டு எண் எழுதிய பையில் கட்டித் தரச் சொல்லுங்கள்.

16. பணம். நீச்சல்குளம், ஜிம், விழாச் செலவு போன்றவற்றை நிறுத்தி மிச்சம் பிடியுங்கள். கார்ப்பஸ் நிதியில் கை வைப்பதானால் தீர்மானம் போட்டு, எவ்வளவு, எதற்கு, எப்போது திரும்ப நிரப்பப்படும் என்று எழுதிவிட்டு எடுங்கள். வேலை போனவர்கள் மெயின்டனன்ஸைத் தவணையாகக் கட்டட்டும். பாக்கிக்காரர் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டும் காலம் அதுவல்ல. பாக்கிக்காகத் தண்ணீரை நிறுத்துவது எந்தக் காலத்திலும் தகாது. தொற்றுச் செலவுக் கணக்கைத் தனியாக வைத்து, மாதாமாதம் எல்லாருக்கும் அனுப்புங்கள்.

17. ஆம்புலன்ஸ் வரும் வழி. பல கட்டடங்களில் ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையாது. ஒரு சக்கர நாற்காலி வாங்கிக் கீழ்த்தளத்தில் வையுங்கள். எந்த பிளாக்குக்கு எந்தப் பக்கம் வண்டி நிற்கும் என்று இரவு செக்யூரிட்டிக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் கரண்ட்டில் ஓடுவது; ஜெனரேட்டர் மின்சாரம் வீட்டில் எந்த பிளக்கில் வருகிறது என்று முன்பே பார்த்து அடையாளம் ஒட்டுங்கள். டாக்டர் சொல்லாமல் ஆக்ஸிஜன் வேண்டாம். தடுப்பூசிக்கும் சங்கம் இடம் தரலாம். 2021 மே மாதத்தில் முதியோருக்காக வீட்டருகே தடுப்பூசி முகாம் நடத்த மத்திய அரசு வழிகாட்டியபோது, குடியிருப்போர் சங்க அலுவலகமும் அதற்கான இடங்களில் ஒன்றாக இருந்தது. காற்றோட்டமான ஹால், ஊசி போட்டபின் 30 நிமிடம் உட்கார நாற்காலிகள், அவசரத்துக்கு ஒரு வண்டி இருந்தால் எந்தச் சங்கமும் முகாம் கேட்கலாம்.

18. கூட்டமும் கோப்பும். நேரில் கூட முடியாதபோது ஜூமில் கூடுங்கள். எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பதை பைலாவில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு ஓட்டு என்றால் வீட்டு எண்ணைச் சொல்லி ஓட்டு வாங்கி மினிட்ஸில் எழுதுங்கள். அடுத்து நேரில் கூடும் பொதுக்குழுவில் அந்தத் தீர்மானங்களை உறுதிசெய்துவிட்டால் பின்னால் சிக்கல் குறையும். கமிட்டி மாறும்போது அனுபவமும் பழைய செகரட்டரியின் செல்போனோடு போய்விடுவதுதான் பெரும்பாலான சங்கங்களில் நடப்பது. லாரிக்காரர் எண், மாநகராட்சி வார்டு அலுவலக எண், ஆக்ஸிமீட்டர் இருக்கும் அலமாரி, ப்ளீச்சிங் அளவு, செலவுக் கணக்கு, அறிவிப்பு மாதிரிகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, புதிய கமிட்டி பொறுப்பேற்கும் அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.