மருந்துக்கூட ஜன்னலுக்குப் பின்னால்

அரசு மருத்துவமனை வேலை என்றதும் டாக்டரும் நர்ஸும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஜன்னலில் சீட்டை நீட்டியதும் மாத்திரை கைக்கு வருகிறதே, அதை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர்களை யாரும் நினைப்பதில்லை. அந்த நிர்வாக வேலை பற்றி ஊரில் உலவும் நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: நிர்வாகம் என்றால் ஃபைல் தள்ளுவது.

உண்மை: 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பாருங்கள். மருந்துகளை மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் இறக்குகிறது. தரப் பரிசோதனைக்குப் போகும் மாதிரியில் கம்பெனி பெயர் இருக்காது; வெறும் குறியீடுதான். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. இத்தனை ரூபாய்க்கு எடுக்கலாம் என்று அதில் வரம்பு. மருந்தாளுநர் வந்து எடுக்க எடுக்க, வங்கிக் கணக்கு போல மீதி குறையும். எது தீருகிறதோ அதை எடுக்கலாம். வேண்டாததை அவர் தலையில் கட்ட முடியாது. கேரளமும் ராஜஸ்தானும் இந்த வழியைப் பின்பற்றித் தங்கள் கழகங்களை அமைத்தன.

நம்பிக்கை: கைராசிக்கார டாக்டர் நல்ல நிர்வாகியாகவும் இருப்பார்.

உண்மை: இருக்கலாம், ஆனால் இரண்டும் வேறு வித்தை. காய்ச்சலோடு வந்தவரைக் குணப்படுத்துவது ஒன்று. எந்தத் தெருவில் காய்ச்சல் கூடுகிறது, கொசுப்புழு ஒழிப்புக்கு எத்தனை பேரை எங்கே அனுப்புவது என்று முடிவெடுப்பது இன்னொன்று. அதனால்தான் தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம் இருக்கிறது. 1939-லேயே தனிச் சட்டமும் வந்துவிட்டது.

நம்பிக்கை: டாக்டருக்குப் படிக்காதவருக்கு நிர்வாகத்தில் இடமில்லை.

உண்மை: பாதி சரி. டீன், இணை இயக்குநர் நாற்காலிகள் டாக்டர்களுக்கே. ஆனால் மருத்துவப் பணிகள் கழகத்தின் மேலாண்மை இயக்குநர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்த பிறகு, திட்ட மேலாளர், கணக்கு, தரவு என்று பல மாநிலங்களில் புது வாசல்கள் திறந்தன.

நம்பிக்கை: உள்ளே நுழைந்துவிட்டால் ஓய்வு பெறும்வரை கவலையில்லை.

உண்மை: அந்தப் புது வாசல்களில் பெரும்பாலானவை ஒப்பந்தப் பணி. மருத்துவமனை நிர்வாகப் பட்டம் வாங்கியதாலேயே நிரந்தர அரசுப் பணி கிடைத்துவிடாது. விளம்பரத்தில் எல்லோர் கண்ணும் முதலில் சம்பளத்துக்குத்தான் போகும். ‘முற்றிலும் தற்காலிகமானது’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் சம்பளத்தைப் பாருங்கள்.