தீக்காயத்தின் ஆழத்தைப் படம் சொல்லுமா?

கேள்வி: தீக்காயத்தைக் கைபேசியில் படமெடுத்தால் அதன் ஆழத்தைக் கணினியே சொல்லிவிடுமாமே, நம்பலாமா? (வாசகர், பேசின் பிரிட்ஜ்)

பதில்: துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பை அதனிடம் விடக் கூடாது. சிவந்து, ஈரமாகி, தொட்டாலே துடிக்க வைக்கும் காயம் பெரும்பாலும் மேலோட்டமானது. வெளுத்து, பதனிட்ட தோல்போல விறைத்து, வலியே தெரியாதது ஆழமானது. படத்தில் நிறம் விழும். வலியும், அழுத்தி எடுத்ததும் திரும்பும் ரத்தமும் விழாது. தவிர, முதல் 2, 3 நாட்களில் காயம் இன்னும் ஆழமாகலாம். ‘அனுபவமுள்ள மருத்துவரும்தானே தவறுகிறார்?’ என்பீர்கள். உண்மைதான். ஆனால் அவர் மறுநாளும் கட்டைப் பிரித்துப் பார்க்கிறார். பெரும்பாலும் வெளிர்தோல் படங்களிலேயே பழகிய கணினி நிரலோ நம் கறுத்த தோலின் சிவப்பைத் தவறவிடக்கூடும். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை போன்ற தீக்காயப் பிரிவுகளின் படங்களை, நோயாளிகளின் சம்மதத்தோடு, அதற்குப் பயிற்சியாகத் தந்தே ஆக வேண்டும். இப்போதைக்கு, தீயோ கொதிநீரோ பட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் விடுங்கள். பற்பசை, மை எதுவும் தடவாமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.