பழைய ரோட்ஸ்டருக்குப் புது ஸ்பீக்கர்: கதவைத் திறக்கும் முன் சில சொற்கள்

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. 1997 வரை நான்கு லட்சத்துக்கும் மேல் தயாரானது. அந்த வண்டிகளில் பல இன்றும் நல்ல நிலையில் ஓடுகின்றன. எஞ்சினுக்கு ஒரு குறையும் இருக்காது, கதவில் இருக்கும் ஸ்பீக்கர்தான் கரகரக்கும். அதைத் தன் கையாலேயே மாற்ற நினைக்கும் இளையவர்களுக்கு இவற்றை எழுதுகிறேன். ஸ்பீக்கர் வாங்கக் கடைக்குப் போகுமுன் கதவைப் பாருங்கள். பாட்டின் பாதி அங்கேதான் கெடுகிறது.

1. கரகரப்பு எங்கே பிறக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஸ்டீரியோவின் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். கோளாறு அடுத்த கதவுக்குப் போனால் குற்றம் ஸ்டீரியோவில். அதே கதவில் நின்றால் ஸ்பீக்கரில், இல்லையென்றால் வயரில். மல்டிமீட்டரை வைத்தால் 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். ஸ்டீரியோ பக்கம் அளந்தபோது ஒன்றும் காட்டவில்லையா? காயில் எரிந்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். கதவு திறந்து மூடும் இடத்தில் ரப்பர் குழாய்க்குள் போகும் வயர், வருடக்கணக்கில் மடங்கி மடங்கி அறுந்திருக்கலாம்.

2. கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையமாக இருந்து பொடிப்பொடியாக உதிர்ந்தால், ஈரமும் வெயிலும் அதைத் தின்றுவிட்டன. கூரை திறந்த வண்டிக்கு இரண்டுமே அதிகம். கோனும் காயிலும் நன்றாக இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். வண்டியை வெளிவந்தபடியே வைத்திருக்க ஆசைப்படுபவர்களுக்கு அதுவே நல்ல வழி.

3. டோர் பேடைக் கழற்றும்போது அவசரம் கூடாது. பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் முறியும். புதியவை கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டே தொடங்குங்கள். கையால் சுற்றும் கண்ணாடியானால், கைப்பிடிக்குப் பின்னால் ஒரு வளைகம்பி கிளிப் இருக்கும். அந்த இடுக்கில் துணியை நுழைத்து இப்படியும் அப்படியும் இழுத்தால் கழன்றுவிடும். ஓரக் கிளிப்புகளை விடுவித்தபின் பேடை மேல்நோக்கித் தூக்கி எடுங்கள். வெளியே பிடித்து இழுக்காதீர்கள்.

4. பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். பலர் அதைக் குப்பை என்று கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். கண்ணாடியில் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியேற வேண்டும் என்றுதான் அந்தக் கதவை வடிவமைத்திருக்கிறார்கள். அந்த நீரை டோர் பேடிலிருந்து தடுத்து நிறுத்துவது இந்தத் தாள். அது கிழிந்தால் பேடின் அட்டை ஊறி உப்பும், கிளிப் ஓட்டைகள் பிய்யும். அடி ஓட்டைகள் மண்ணால் அடைபட்டிருந்தால் கதவு துருப்பிடிக்கும். ஓட்டைகளைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். தாளை பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள்.

இதில் பாட்டுக்கும் லாபம் உண்டு. கோனின் பின்பக்க ஒலி முன்பக்கம் கசிந்தால் அடித்தொனி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அடி ஓட்டைகளை விட்டுவிட்டு, கதவின் உட்பக்கத்தை இப்படி மூடி அடைத்தால், பழைய ஸ்பீக்கருக்கே புது உயிர் வரும். வெளித் தகட்டை விரல் முட்டியால் தட்டுங்கள். தகரம் அதிரும் இடத்தில் மட்டும் பியூட்டைல் ஷீட் ஒரு துண்டு போதும். ஆரம்ப கால எம்எக்ஸ்-5-இன் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அந்த இலகுவே அதன் அழகு, அதைக் கெடுக்காதீர்கள்.

5. கண்ணாடியை முழுக்க இறக்கி, ஸ்பீக்கர் பொருந்தும் முகத்திலிருந்து கண்ணாடி வரை ஆழத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஆழம் போதவில்லையென்றால் நடுவே ஒரு வளையம் வைக்கலாம். அது பிளாஸ்டிக்காக இருக்கட்டும். எம்டிஎஃப் பலகை ஈரத்தில் ஊதிவிடும். கதவின் தகட்டை வெட்ட வேண்டாம், வெட்டியதை ஒட்ட வைக்க முடியாது.

6. பெட்டியில் பெரிதாக அச்சடித்த வாட் எண்ணை நம்ப வேண்டாம். சாதாரண ஸ்டீரியோ ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையில் கொடுப்பது 15 முதல் 20 வாட் வரைதான். சென்சிடிவிட்டி என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். அது 3 டெசிபல் கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி சக்தி போதும். 90-க்கு மேல் இருப்பதை எடுங்கள்.

7. பிளஸ், மைனஸ் தெரியாத வயரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டால் போதும். கோன் வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்டதே ஸ்பீக்கரின் பிளஸ். ஒரு கதவில் மாறிவிட்டால் அடித்தொனி காணாமல் போகும்.

8. சில வண்டிகளில் சீட்டின் தலைசாய்மானத்திலும் சிறு ஸ்பீக்கர்கள் உண்டு. கூரையைத் திறந்து நெடுஞ்சாலையில் போகும்போது காதுக்குக் கைகொடுப்பவை அவையே. அவற்றைக் கதவு ஸ்பீக்கருடன் ஒரே வயரில் இணையாகக் கொடுக்காதீர்கள். 4 ஓமும் 4 ஓமும் சேர்ந்தால் 2 ஓம். ஸ்டீரியோ சூடாகிச் சாகும். காற்றின் இரைச்சலை மீற பேஸைக் கூட்டுவதும் வீண். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே கதவு ஸ்பீக்கருக்குப் போகாமல் வடிகட்டுங்கள், பாடகரின் குரல் தெளியும்.

9. கழற்றிய ஸ்பீக்கர்களை இடது, வலது என்று எழுதிப் பெட்டியில் வையுங்கள். அடுத்து இந்த வண்டியை வாங்குபவர் அவற்றைக் கேட்பார்.

10. டோர் பேடை மாட்டுமுன் பாட்டைப் போட்டுக்கொண்டே கண்ணாடியை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள், ஸ்பீக்கரில் உரசக் கூடாது. பிறகு கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். அது கதவின் அடி ஓட்டைகள் வழியே சொட்டி முடித்து, தாளின் உட்பக்கம் காய்ந்தே இருந்தால், பேடை மாட்டலாம்.