வீட்டினுள் பிரவேசிக்கும் அதிகாரம்: குடியிருப்போர் அறிய வேண்டிய சட்ட விதிகள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களில் குடியிருப்போரிடம் இருவித வழக்கங்களைக் காண்கிறோம். உத்தியோகஸ்தர் எவர் வந்து கதவைத் தட்டினாலும், அவர் யார், என்ன காரியமாக வந்தார் என்று கேளாமலே சமையலறை வரையில் வழிவிடுவோர் ஒரு சாரார். தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க வந்த சுகாதார ஊழியரையும் "வாரண்டு எங்கே?" என்று கேட்டுக் கதவைச் சாத்துவோர் மற்றொரு சாரார். முன்னவர் தமக்குள்ள பாதுகாப்பைத் தாமே கைவிடுகின்றனர். பின்னவர், பொது ஊழியரின் கடமையைத் தடுத்தார் என்ற குற்றத்திற்கு ஆளாகவும் கூடும். அதற்கு 3 மாதம் வரை சிறையோ, 2,500 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

முதலில் சோதனை வேறு, பார்வையிடல் வேறு என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும். குற்றத்திற்குரிய பொருளையோ பத்திரத்தையோ தேடுவது சோதனை. மாஜிஸ்திரேட்டு வழங்கும் வாரண்டு பெரும்பாலும் இதற்கே உரியது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, சோதனையின்போது அவ்வட்டாரத்தில் வசிக்கும் மரியாதைக்குரியோர் இருவரேனும் சாட்சியாக இருத்தல் வேண்டும்; வீட்டுக்காரர் உடனிருக்கலாம்; எடுக்கப்பட்ட பொருள்களின் ஜாபிதா ஒன்று அவருக்குத் தரப்பட வேண்டும்; நடந்தது முழுவதும் ஒலி, ஒளிப் பதிவு செய்யப்பட வேண்டும். கட்டடம், சாக்கடை, தண்ணீர், மின்சாரம் ஆகியவை விதிப்படி உள்ளனவா என்று பார்ப்பதோ பார்வையிடல். இதற்கு நம் நாட்டில் வாரண்டு பொதுவாகத் தேவையில்லை. ஆயினும் கட்டுப்பாடே இல்லை என்று எண்ணுவது தவறு.

1919-ஆம் வருஷத்துச் சென்னை நகர முனிசிபல் சட்டத்தைப் பாருங்கள். 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தபின் அவ்வூருக்கும் இச்சட்டமே உரியதாயிற்று. கமிஷனரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ எக்கட்டடத்தினுள்ளும் நுழைந்து பார்வையிடலாம் என்று அது கூறியது. உடனே சில நிபந்தனைகளையும் விதித்தது. வேறு விதமாகச் சட்டமே சொன்னாலன்றி, அஸ்தமனத்திற்கும் உதயத்திற்கும் இடையே நுழைதல் கூடாது. குடியிருக்கும் வீடாயின், வசிப்பவர் சம்மதியாதபோது, 24 மணி நேரத்திற்கு முன்னதாக அறிவிப்புத் தந்திருத்தல் வேண்டும். பெண்டிர் தங்கும் பகுதியாயின், அவர்கள் வேறிடம் செல்லப் போதிய அவகாசம் அளிக்க வேண்டும். வீட்டாரின் சமூக, சமய ஆசாரங்களுக்கும் இயன்றவரை மதிப்புத் தர வேண்டும். அந்நிய ஆட்சியில் பிறந்த சட்டமாயினும் இவ்விஷயத்தில் அது காட்டிய மரியாதை பாராட்டத்தக்கது. இச்சட்டத்தின் இடத்திலும், 1920-ஆம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டத்தின் இடத்திலும், 1998-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆகவே, இன்று வரும் அதிகாரி பழைய சட்டத்தின் பெயரைச் சொன்னால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று தெளிவாகக் கேட்டுக்கொள்க.

கொசு விஷயத்தில் 1939-ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் உயிருடன் இருக்கிறது. சுகாதார அதிகாரியும், சுகாதார இன்ஸ்பெக்டர் தரத்திற்குக் குறையாத அவருடைய கீழ் ஊழியரும், தமக்கு நியாயமெனத் தோன்றும் எழுத்து மூலமான அறிவிப்புத் தந்து, தகுந்த வேளையில் நிலத்தையோ கட்டடத்தையோ பார்வையிடலாம். வீட்டுக்காரர் அதற்கு வசதி செய்து தருதல் வேண்டும். ஒரு வீட்டு மாடியில் தேங்கிய நீர் தெரு முழுவதற்கும் டெங்குவைத் தருமாதலால், இங்கே பிடிவாதம் பிடிப்பது அண்டை அயலாருக்குச் செய்யும் தீங்கேயாகும்.

வாரண்டிற்கு மிக அருகில் வருவது 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம். தனக்குச் சொந்தமான கம்பியையும் மீட்டரையும் பார்க்க, மின் வாரியம் குடியிருப்பவருக்குத் தெரிவித்துவிட்டுத் தகுந்த வேளையில் வரலாம். ஆனால் வீட்டுக்காரருக்குச் சொந்தமான கம்பிகளையும் கருவிகளையும் சோதித்துப் பார்க்க வேண்டுமாயின், நிர்வாக மாஜிஸ்திரேட்டின் விசேஷ உத்தரவும், 24 மணி நேரத்திற்குக் குறையாத எழுத்து மூலமான அறிவிப்பும் தேவை. தாசில்தார் முதலியோர் அப்பதவி வகிப்பதுண்டு. அனுமதி மறுத்தால் பூட்டை உடைப்பதில்லை. அறிவிப்புக் கொடுத்து 24 மணி நேரம் சென்றபின் மின்சாரத்தை நிறுத்தலாம். அதுவும் மறுப்பு நீடிக்கும் வரையில் மட்டுமே. மின் திருட்டு என்று நம்பக் காரணம் இருப்பின் நிலைமை வேறு. அப்போது அதிகாரம் பெற்ற அதிகாரி உடைத்தும் புகலாம். அங்கும் இரவில், குடியிருக்கும் வீட்டில், அங்கு வசிக்கும் வயது வந்த ஆண் ஒருவர் இன்றிச் சோதனை செய்தல் கூடாது. தனித்திருக்கும் தாய்மார் இவ்விதியை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சிறு பட்டறை வைத்திருப்போருக்கு இத்தனை பாதுகாப்பு இல்லை. தொழிற்சாலை என நம்பக் காரணமுள்ள எவ்விடத்திலும் இன்ஸ்பெக்டர் நுழையலாம் என்றே 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. எனினும், தன்னையே குற்றவாளியாக்கும் விடையைச் சொல்லுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்றும் அதிலேயே எழுதப்பட்டிருந்தது.

அமெரிக்காவில் இவ்விஷயம் வேறு வழியில் தீர்ந்தது. சான் பிரான்சிஸ்கோவில் வீட்டு விதிகளைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டரை ஒருவர் வாரண்டில்லாமல் உள்ளே விட மறுத்தார். கமாரா வழக்கு எனப்படும் அதில், சம்மதமோ அவசர நிலையோ இல்லாவிடில் வாரண்டு வேண்டும் என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 1967-ல் தீர்ப்பளித்தது. அவ்வாரண்டிற்கு அந்தக் குறிப்பிட்ட வீட்டின்மேல் சந்தேகம் இருக்க வேண்டியதில்லை. அப்பகுதியின் பொது நிலைமையே போதும் என்றும் கூறிற்று. நம் சுப்ரீம் கோர்ட்டு 2004-ல் கனரா வங்கி வழக்கில் இதையொத்த விஷயத்தை ஆராய்ந்தது. கலெக்டர் அனுப்பும் எவரும், தக்க காரணமும் வழிகாட்டும் நெறியும் இன்றி, எந்த இடத்திலும் நுழைந்து பத்திரங்களைப் பார்க்கலாம் என்ற ஆந்திர முத்திரைச் சட்டத் திருத்தம் செல்லாது என்று அறிவித்தது. 2017 ஆகஸ்டு 24-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என நிலைநாட்டினர்.

பார்வையிட்டபின் விதிமீறல் கண்டால், மறுநாளே இடிப்பு இயந்திரம் வந்து நிற்பதற்கில்லை. 2024 நவம்பர் 13-ஆம் தேதித் தீர்ப்பின்படி, பதிவுத் தபாலில் அனுப்பியும் கட்டடத்தில் ஒட்டியும் 15 நாள் அறிவிப்புத் தர வேண்டும். உரிமையாளரை நேரில் விசாரிக்க வேண்டும். இறுதி உத்தரவுக்குப் பின் தாமே அகற்றிக்கொள்ள மேலும் 15 நாள் தர வேண்டும். ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு அல்லது நீர்நிலை ஆகிய பொது இடங்களில் அனுமதியின்றிக் கட்டியவற்றுக்கு இச்சலுகை இல்லை. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிக்கரைகளை ஒட்டி மனை வாங்குவோர், பத்திரத்தைப் பார்க்குமுன் அந்நிலம் ஏரிப் புறம்போக்கா என்பதை வருவாய்த் துறைப் பதிவேட்டிலும் நில அளவை வரைபடத்திலும் பார்த்துக்கொள்க.